மீந்த எண்ணெய் யாருக்கு?

வேத பாடம்: 2 இராஜாக்கள் 4:1-7
துணை வாசிப்பு: 2 இராஜாக்கள் 6:24, 25, 8:1-6, லூக்கா 10:30-37





சுகமளிக்கும் ஊழிய ஞாயிறுதோறும் செய்தி கொடுக்க நாங்கள் சபைகளுக்கு வருகிறோம். ஆராதனை முடிந்தபின் அன்பர்கள் எங்களிடம் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "ஐயா, உங்கள் ஆஸ்பத்திரியில் கட்டணம் வாங்குகிறீர்களே, பிறகு எங்கள் காணிக்கை எதற்கு?" என்பது ஒன்று. "அரசாங்கமே இப்போது காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டதே, இனி மிஷன் ஆஸ்பத்திரி எதற்கு?" என்பது மற்றொன்று. இவை நியாயமான கேள்விகள். தினமும் கைப்பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவரும் ஒரு தாயாருக்கு, அந்த அரிசி எங்கே போகிறது என்று கேட்க முழு உரிமை உண்டு. எனவே இந்த இதழின் பாடத்தை இக்கேள்விகளுக்காகவே ஒதுக்குகிறோம்.

1. சந்தை, அரசு, மூன்றாம் துறை

மனிதருக்கு வேண்டியவை அவர்களை வந்தடையும் வழிகளைப் பொருளியல் அறிஞர்கள் பிரித்துக் காட்டுவார்கள். விலை கொடுத்து வாங்குவது சந்தையின் வழி. வரி வாங்கிச் சட்டப்படி கொடுப்பது அரசின் வழி. இவ்விரண்டிலும் அடங்காமல், இலாபத்தைப் பங்கு போடாமலும் அரசின் ஆணைக்குக் காத்திராமலும் மக்கள் தாங்களே கூடி நடத்தும் அமைப்புகள் உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள், அறக்கட்டளைகள், மிஷன் பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் இவ்வகை. அமெரிக்கச் சமூகவியலாளர் அமிட்டாய் எட்சியோனி 1973இல் எழுதிய கட்டுரையில் இதை 'மூன்றாம் துறை' என்று அழைத்தார். இத்துறையில் காணிக்கையை மட்டும் நம்பியிராமல், பொருளையோ சேவையையோ விற்று, அந்த வருமானத்தைக் கொண்டே ஏழைக்குத் தொண்டு செய்யும் நிறுவனங்களை இன்று 'சமூக நோக்குத் தொழில்' என்கிறார்கள்.

பெயர் புதிது, காரியம் பழையது. எலிசாவின் சரித்திரத்திலேயே இம்மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. 6ஆம் அதிகாரத்தில் சமாரியா முற்றுகையிடப்பட்டு, ஒரு கழுதைத்தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்றது. பஞ்சத்தில் சந்தை பணமுள்ளவனுக்கு மட்டுமே கதவு திறக்கும். 8ஆம் அதிகாரத்தில், ஏழு வருடம் ஊரைவிட்டுப் போயிருந்த சூனேமியாளுக்கு அவள் வீட்டையும் வயலையும், வயலின் வருமானத்தையும் திரும்பக் கொடுக்கும்படி ராஜா ஒரு அதிகாரியை நியமித்தான். அரசு நீதி செய்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் 4ஆம் அதிகாரத்தில் வரும் விதவைக்குச் சந்தையும் உதவவில்லை, அரசும் வரவில்லை. கடன்காரன் அவள் இரண்டு குமாரரையும் அடிமையாக்கிக்கொள்ள வந்துவிட்டான். அவளுக்குத் தேவன் திறந்த வழியைத்தான் நாம் தியானிக்க வேண்டும்.

2. விதவையின் வீட்டில் நடந்தது

முதலாவது, எலிசா அவளிடம் இருப்பதைக் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் என்று பதில் வருகிறது. ஏழையிடம் ஒன்றுமே இல்லை என்று தீர்க்கதரிசி தீர்மானித்துவிடவில்லை.

இரண்டாவது, அயலகத்தாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார், அதுவும் கொஞ்சமல்ல. அற்புதம் செய்கிறவர் தேவன். அதற்குப் பாத்திரம் கொடுத்தது ஊரார்.

மூன்றாவது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே வார்க்கச் சொல்கிறார். அவளுடைய இல்லாமை தெருவுக்குக் காட்சியாகவில்லை. குமாரர் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, அவள் வார்க்கிறாள். குடும்பமே உழைக்கிறது.

நான்காவது, எண்ணெயை விற்கச் சொல்கிறார். இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கர்த்தர் அற்புதமாய்க் கொடுத்த எண்ணெய் கடைக்குப் போகிறது, விலை பேசப்படுகிறது. விற்பது பாவம் என்று தீர்க்கதரிசி நினைக்கவில்லை.

ஐந்தாவது, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ண வேண்டும் என்று முடிக்கிறார். இந்தப் பாடத்தின் திறவுகோல் இந்த 'மீந்தது' என்பதில் இருக்கிறது. கடன்காரன் அந்த எண்ணெயை விற்றிருந்தால் மீதி அவன் பெட்டிக்குப் போயிருக்கும். விதவை விற்றபோது மீதி பிள்ளைகளின் ஆகாரமாயிற்று. எண்ணெய் ஒன்றே, கடைவீதியும் ஒன்றே. மீதி போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

ஆகவே ஒரு நிறுவனம் வியாபாரமா ஊழியமா என்று அறிய, அது பணம் வாங்குகிறதா என்று பார்த்தால் போதாது. மீதி யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

3. சரித்திரத்தில் இந்தப் பாடம்

ஜெர்மனியில் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888) என்ற பக்தியுள்ள சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர் வையர்புஷ் என்ற சிற்றூரின் நிர்வாகத் தலைவராக இருந்தார். 1846-47 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் வந்தது. வசதியுள்ளவர்களிடம் நன்கொடை திரட்டி, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் ரொட்டி கிடைக்க ஒரு சங்கம் அமைத்தார். பின்னாளில் ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் அவர் தொடங்கிய தர்ம சங்கமும் செல்வந்தரின் தயவில்தான் நடந்தது. அந்தத் தயவு குறைந்தால் சங்கமும் தளரும் என்று கண்டு, 1864இல் அதைக் கடன் சங்கமாக மாற்றினார். குடியானவர்கள் தாங்களே உறுப்பினர்; ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. ஒரு திருச்சபை வட்டாரத்துக்குள், ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள் மட்டுமே கடன். மீந்த பணத்தைத் தனித்தனியே பங்கிடாமல் பொதுச் சேமநிதியில் வைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இந்தப் பாடம் நம் நாட்டுக்கும் வந்தது. கந்துவட்டியில் நொந்த குடியானவர்களுக்கு வழி தேடும்படி சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895இலும் 1897இலும் வெளிவந்த தம் அறிக்கையில் அவர் ரைஃபைசனின் முறையையே சிபாரிசு செய்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. நம் ஊர்களில் இன்றும் நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் நாம் போய் நிற்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வேர்களில் ஒன்று, பஞ்ச காலத்தில் ரொட்டிக்கு வழிசெய்த ஒரு கிறிஸ்தவரின் மனபாரம்.

மிஷனெரிமாரும் இதை அறிந்திருந்தார்கள். 1834இல் மங்களூருக்கு வந்த பாசல் மிஷன், விசுவாசத்தை ஏற்றதினால் வீட்டையும் தொழிலையும் இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க நெசவாலைகளை ஏற்படுத்தியது. 1865இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலையையும் தொடங்கியது. மேற்குக் கடற்கரையில் மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகள் எழும்பின அளவுக்கு அத்தொழில் செழித்தது. ஆனால் முதல் உலகப்போரின்போது, பாசல் மிஷன் ஜெர்மானியத் தொடர்புடையது என்பதால் அச்சொத்துக்கள் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போயின. அரசு ஒரே நாளில் எடுத்துக்கொள்ளக்கூடியது கட்டிடத்தையும் இயந்திரத்தையும்தான். கற்றுக்கொண்ட கைத்தொழிலோ மக்களிடமே தங்கிற்று.

4. மருத்துவத்தில் இந்தப் பாடம்

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 1902இல் 40 படுக்கைகளுள்ள மருத்துவமனை எழும்பிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. இன்று அங்கே அன்றாடச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குவது நோயாளிகள் செலுத்தும் கட்டணமே. முதல் பாத்திரம் அயலகத்தார் கொடுத்தது. அதை நிரப்பி நிற்பதோ நூறாண்டுகளுக்கு மேலான உழைப்பு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் சொல்ல வேண்டும். அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசுவாமி (1918-2006) கிறிஸ்தவர் அல்லர், ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர். ஆனாலும் நல்ல சமாரியன் உவமையைச் சொன்ன ஆண்டவரின் சீஷர்களாகிய நாம், நன்மையை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கினார். பணம் செலுத்தக்கூடியவர்கள் செலுத்துவார்கள்; இயலாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அதே சிகிச்சை. முன்னவர்கள் செலுத்தும் பணத்தின் மீதியில் பின்னவர்களின் சிகிச்சை நடக்கிறது.

கண்புரை அறுவைக்குப்பின் உள்ளே பொருத்தும் லென்ஸ் அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை ஏழைக்கு எட்டாதது. எனவே 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைப் பெற உதவின. லென்ஸின் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கிற்று. சந்தையை வெறுத்து ஒதுங்கி நிற்காமல், அதற்குள் சென்று ஏழைக்காக விலையை இறக்கினார்கள். இங்கேயும் அயலகத்தாரின் பாத்திரத்தையும், விற்ற எண்ணெயையும், மீதியில் பிழைத்த பிள்ளைகளையும் நாம் காண்கிறோம்.

5. இரு பக்கத்துப் பள்ளங்கள்

அரசுக்கும் சந்தைக்கும் நடுவே செல்லும் பாதை வயல் வரப்பைப்போல ஒடுங்கியது. கவனம் தவறினால் இரு பக்கமும் விழலாம்.

ஒரு பக்கம் சந்தை. ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் முறை, 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குக் கொடுத்த 27 டாலரிலிருந்து வளர்ந்தது. அது 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. கடன் வாங்கும் பெண்களே அதன் பங்குதாரர்கள் ஆனார்கள். 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே சிறுகடன், இலாபம் தேடும் கம்பெனிகளின் கைக்கு வந்தபோது கதை மாறிற்று. ஆந்திரத்தில் ஒரே வீட்டுக்குப் பல கம்பெனிகள் கடன் கொடுத்து, வசூலுக்கு வாசலில் நெருக்கின. தற்கொலைச் செய்திகள் வந்தபின், 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. விதவைக்குக் கைகொடுக்கப் பிறந்த முறையே கடன்காரனின் வேஷத்தில் அவள் வாசலுக்கு வந்தது. ஏன்? மீதி வேறு கைக்குப் போகத் தொடங்கியதுதான் காரணம்.

மற்றப் பக்கம் அரசு. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஏழைகளுக்குப் பேருதவி. இதற்காக நாங்கள் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். சூனேமியாளின் வயலைத் திருப்பிக் கொடுத்த ராஜாவைப்போல, அரசு தன் கடமையைச் செய்யும்போது சபை மகிழ வேண்டும். ஆனால் காப்பீடு குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குக் குறிப்பிட்ட தொகையைத்தான் கொடுக்கும். இடுப்பெலும்பு முறிந்த ஒரு கட்டிடத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அறுவைக்கு அட்டை உதவலாம். கூட இருந்து பார்க்கும் மனைவியின் கூலி இழப்புக்கும், அவள் சாப்பாட்டுக்கும், ஊருக்குத் திரும்பும் வண்டிக்கும், மாதக்கணக்கான பயிற்சிக்கும் அட்டை உதவாது. வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவரிடம் அட்டையே இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறதோ அதை மட்டும் செய்வோம் என்று தீர்மானித்துவிட்டால், நாங்கள் அரசின் குத்தகைதாரர் ஆகிவிடுவோம். பணம் வராத நோய்களான நாட்பட்ட மனநோயும், முதுமையும், சாகுந்தறுவாயில் வேண்டிய ஆதரவும் வாசலுக்கு வெளியே நின்றுவிடும்.

6. அப்படியானால் காணிக்கை எதற்கு?

நல்ல சமாரியன் உவமையில் நாம் வழக்கமாக மறந்துவிடும் ஒருவன் உண்டு. அவன் சத்திரக்காரன். அவன் இலவசமாய்ச் செய்தவனல்ல, பணம் வாங்கினான். ஆண்டவர் அதைக் குறைகூறவில்லை. சமாரியன் இரண்டு பணத்தைக் கொடுத்தான். அந்நாளில் அது கூலியாளின் இரண்டு நாள் கூலி (மத்தேயு 20:2). அதோடு, அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். காயப்பட்டவனால் கொடுக்க முடியவில்லை. சத்திரக்காரனால் முழுவதையும் தாங்க முடியாது. அந்த இடைவெளியில் சமாரியன் நின்றான்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை நிற்கும் இடம் அதுதான். எங்கள் செவிலியரின் சம்பளமும், மின்சாரக் கட்டணமும், மருந்துக் கொள்முதலும் ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் கட்டணமே தாங்க வேண்டும். தனி அறையில் தங்குகிறவர் செலுத்துவதில் மீதி இருந்தால் அது பொது வார்டுக்குப் போகிறது. ஆனாலும் இடைவெளி இருந்துகொண்டே இருக்கிறது. எந்த மாதத்தில் எத்தனை பேர் கையில் ஒன்றுமில்லாமல் வருவார்கள் என்று யாரும் கணக்குப் போட முடியாது. வெளியூரிலிருந்து பாம்புக்கடியோடு வருகிறவரிடம் முன்பணம் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? ஏழை நோயாளர் நிதியில் பணம் இருக்கும்போது இரவுப்பணி மருத்துவர் தயங்காமல் மருந்தை ஏற்றச் சொல்லலாம். உங்கள் காணிக்கை அவருக்குக் கொடுப்பது அந்தச் சுயாதீனமே.

நம் சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கத்தரிக்காயை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறோம். எடுத்தவர் நஷ்டப்பட்டதாக யாரும் சொல்வதில்லை. விற்பனை அங்கே உண்டு, கட்டாயம் இல்லை, மீதி கர்த்தருடைய வேலைக்குப் போகிறது. மூன்றாம் துறை என்று அறிஞர்கள் சொல்வதை நம் பாட்டிமார் ஆலய வளாகத்திலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெய் நின்றுபோயிற்று என்று வேதம் சொல்கிறது. தேவனிடத்தில் எண்ணெய் குறைந்துபோகவில்லை. அயலகத்தார் கொடுத்த பாத்திரங்கள் அவ்வளவே.

7. எங்களைச் சோதித்துப் பாருங்கள்

நமது நாட்டுச் சட்டமும் இந்த மீதியைக் காவல்காக்கிறது. சங்கமாகப் பதிவானாலும், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவானாலும், தர்ம நோக்குள்ள அமைப்பு தன் இலாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடலாகாது. இங்கிலாந்தில் 2005 முதல் சமூக நலக் கம்பெனிகள் என்ற அமைப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. அவற்றின் சொத்தைச் சமூக நோக்கத்துக்கு வெளியே எடுத்துக்கொள்ள முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் கணக்கைத்தான் பார்க்கும், இருதயத்தைப் பார்க்காது. ஆகவே எங்களைத் தாங்குகிற நீங்கள் எங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும் என்று நாங்களே வேண்டிக்கொள்கிறோம்.

(அ) தணிக்கை செய்யப்பட்ட கணக்கில் மீதி எங்கே போயிற்று?
(ஆ) தனி அறைக்குப் போகும் மருத்துவரே பொது வார்டுக்கும் போகிறாரா? மருந்தின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றா?
(இ) கட்டணச் சலுகை கேட்கும் ஏழை, பலர் முன்னிலையில் கெஞ்ச வேண்டியிருக்கிறதா, அல்லது கதவைப் பூட்டிக்கொண்டு அவர் குறையைக் கேட்கிறோமா?

இம்மூன்றிற்கும் நேரான பதில் சொல்ல முடியாத நாளில், வாசலில் சிலுவை இருந்தாலும் நாங்கள் சந்தையில் இன்னொரு கடைதான். பதில் சொல்ல முடிகிற நாள்வரை, கட்டணம் வாங்குவதற்கு நாங்கள் வெட்கப்படுவதில்லை, காணிக்கை கேட்பதற்கும் வெட்கப்படுவதில்லை.

சபைக் கூட்டங்களில் கலந்து பேச:

1. உதவி கேட்டு வருகிறவரிடம் "உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டா?
2. நம் ஊரில் சந்தையும் அரசும் எட்டாத வீடு எது? அதற்கு நம் சபை கொடுக்கக்கூடிய பாத்திரம் எது?
3. நம் சபைப் பள்ளியிலும், கல்யாண மண்டபத்திலும், வாடகைக் கடைகளிலும் மீந்தது யாருக்குப் போகிறது?

ஜெபிக்க:

கட்டணப் பிரிவில் பணியாற்றி, தினமும் ஏழையின் கண்ணீரையும் மருத்துவமனையின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும் ஊழியருக்காக. கடனுக்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போகும் நோயாளிகளுக்காக. மீதியைக் குறித்து முடிவெடுக்கும் எங்கள் நிர்வாகக் குழுவிற்காக.

விதவையின் வீட்டில் எண்ணெயைப் பெருகச்செய்த கர்த்தர், உங்கள் வீடுகளிலும் குறைவில்லாமல் நடத்துவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்